சக்கிமுக்கிப் புரிகுழல் துப்பாக்கிக்கு எந்தக் கேலிபர்: 45, 50, 54?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். குழலின் வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய பாணிச் சக்கிமுக்கித் துப்பாக்கி ஒன்றைச் செய்து தரும்படி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இந்த வேலையைக் கையாலேயே செய்யும் ஒரு கைவினைஞரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன். கட்டை மேப்பிள் மரம், குழல் எட்டுப் பட்டையுடன் 42 அங்குல நீளம், தோற்றம் லங்காஸ்டர் பாணி என்பதெல்லாம் முடிவாகிவிட்டது. கேலிபர் மட்டும் முடிவாகவில்லை. குழலுக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்பதால் இந்த மாத இறுதிக்குள் என் முடிவைத் தெரிவிக்கும்படி அவர் கேட்டிருக்கிறார்.

என் தேவையைச் சொல்லிவிடுகிறேன். இம்மாநிலத்தில் 1974 முதல் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு மான் பருவம் இருக்கிறது. அது கிறிஸ்துமஸ் கழிந்த மறுநாள் தொடங்குகிறது. அதில் 44 கேலிபருக்குக் குறைந்த துப்பாக்கியைப் பயன்படுத்த முடியாது. நான் போகும் காடு அடர்த்தியானது. 60 கஜத்துக்கு அப்பால் மான் நின்றாலும் கண்ணுக்குத் தெரியாது. வேட்டைப் பருவம் அல்லாத மாதங்களில், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை காகித இலக்கில் முப்பது நாற்பது குண்டுகள் சுடுவேன். இதுவரை ஒரு நண்பரின் 36 கேலிபர் துப்பாக்கியை இரவல் வாங்கிப் பழகியிருக்கிறேன். தோளில் உதைப்பதே தெரியாத அந்தத் துப்பாக்கி எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அதனால் சட்டத்துக்கு உட்பட்டு எவ்வளவு சிறியதாகப் போக முடியுமோ அவ்வளவு சிறியதாக, அதாவது 45 போதும் என்று எண்ணுகிறேன். கைவினைஞரோ 54 என்கிறார். சுடுதளத்தில் இருப்பவர்கள் எல்லோரும் 50 என்கிறார்கள், ஏன் என்று கேட்டால் எல்லோரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் சொல்வதில்லை. காரணத்தோடு சொல்லக்கூடியவர்கள் உதவினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம். காரணம் கேட்டிருப்பதால் குண்டிலிருந்தே தொடங்குகிறேன்.

கேலிபர் என்பது குழல் துளையின் விட்டத்தை அங்குலத்தின் நூறில் இத்தனை பங்கு என்று சொல்வது. 50 கேலிபர் என்றால் அரை அங்குலம். இதில் போடும் குண்டு துளையை விடச் சற்றுச் சிறியது. 45-க்கு 0.440 அங்குலம், 50-க்கு 0.490, 54-க்கு 0.530 என்பதே வழக்கம். மிச்ச இடைவெளியைக் கொழுப்போ எண்ணெயோ தடவிய துணித்துண்டு அடைத்துக்கொள்கிறது. குழலின் உட்புறத்தில் சுருளாக வெட்டிய புரிகளைப் பற்றிக்கொண்டு குண்டைச் சுழற்றுவதும் அந்தத் துணிதான். கலப்பில்லாத ஈயத்தில் வார்த்தால் இம்மூன்றின் எடை முறையே சுமார் 128, 177, 224 கிரெயின் (ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்). 45-இலிருந்து 54-க்குப் போகும்போது குண்டின் விட்டம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது, ஆனால் எடை ஏறக்குறைய முக்கால் பங்கு கூடிவிடுகிறது. எடை விட்டத்தின் முப்படியாக ஏறுவதால் வரும் விளைவு இது. கேலிபர் பற்றிய எல்லா வாதங்களுக்கும் அடியில் இருப்பது இந்த ஒரு கணக்கு.

நவீனத் துப்பாக்கியில் குண்டு போதவில்லை என்றால் அதை நீளமாக்கலாம், வேகத்தையும் கூட்டலாம். உருண்டைக் குண்டை நீளமாக்க முடியாது; எடை வேண்டுமென்றால் விட்டத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. வேகத்தைக் கூட்டுவதிலும் பெரிய பயனில்லை, ஏனெனில் உருண்டை வடிவம் காற்றைக் கிழிக்கத் தெரியாத வடிவம். 50 கேலிபர் குண்டு நொடிக்கு 1,700 அடி வேகத்தில் புறப்பட்டால் 100 கஜத்தைச் சேரும்போது சுமார் 1,000 அடிதான் மிஞ்சும். மருந்தைக் கூட்டிப் புறப்படும் வேகத்தை இன்னும் 200 அடி உயர்த்தினாலும் அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வழியிலேயே கரைந்துபோகும். தோளில் விழும் உதையும் குழலில் படியும் கரியும்தான் கண்ட மிச்சம். குண்டு எவ்வளவு சிறியதோ அவ்வளவு விரைவாக வேகம் இழக்கும், பக்கக் காற்றுக்கும் அவ்வளவு எளிதாக விலகும்.

உங்கள் 60 கஜக் காட்டுக்கு இதை வைத்துப் பார்த்தால், மானின் முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால் நெஞ்சில் படும் 45 கேலிபர் குண்டு மானை வீழ்த்தும். அதில் ஐயமில்லை. ஆனால் மான் சற்றே சாய்வாக நின்றாலோ, குண்டு தோள் எலும்பில் பட்டாலோ 128 கிரெயின் ஈயத்துக்கு மிச்சமிருக்கும் வலு குறைவு. 50-இல் அந்தக் கவலை பெருமளவு நீங்குகிறது. என் பரிந்துரை 50. எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்பதும் அப்படி ஒதுக்கிவிடக் கூடிய காரணம் அன்று: 0.490 குண்டும் அதை வார்க்கும் அச்சும் எங்கும் கிடைக்கின்றன.

மறுமொழி 2

மேலே சொன்னவை அனைத்தும் சரி. ஆனால் துப்பாக்கியை நாள் முழுவதும் கையில் சுமப்பவரின் பக்கத்திலிருந்து ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டும். சிறிய கேலிபர் என்றால் இலேசான துப்பாக்கி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிர். குழலின் வெளி அளவு ஒன்றாக இருக்கும்போது, துளை சிறியதாக இருந்தால் உள்ளே மிஞ்சும் இரும்பு அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பட்டைக்குப் பட்டை 13/16 அங்குலம், நீளம் 42 அங்குலம் உள்ள, முழுவதும் ஒரே தடிப்பான நேர்க்குழலில் 36 கேலிபர் துளை இட்டால் குழல் மட்டும் சுமார் 5.3 பவுண்டு. அதே குழலில் 45 என்றால் 4.6, 50 என்றால் 4.2 பவுண்டு. 36-க்கும் 50-க்கும் இடையே ஒரு பவுண்டுக்கு மேல் வேறுபாடு, அதுவும் முழுவதும் குழலில், பாதிக்கு மேல் இடது கைக்கு முன்னால். இன்னும் தடித்த 15/16 அங்குலக் குழல் என்றால் 50-க்கு 6.3, 54-க்கு 5.9. ஆகவே உங்கள் கைவினைஞர் எந்தக் குழலை மனத்தில் வைத்துக்கொண்டு 54 என்றார் என்பதை முதலில் கேளுங்கள். 15/16 நேர்க்குழல்தான் அவர் எண்ணம் என்றால், எடையைக் குறைக்கத்தான் அவர் பெரிய துளையைச் சொல்லியிருக்கக்கூடும். 13/16 குழலில் 54 போட்டால் சுவர் மெலிந்துவிடும். அதை நான் விரும்பமாட்டேன்.

இதை விடச் சிறந்தது, அந்தக் காலத்துக் குழல்களைப் போல அடியில் தடித்து, இடையில் மெலிந்து, வாயருகே மீண்டும் சற்று அகலும் குழல். விலை கூடும். ஆனால் எடை பின்னால் வந்து உட்காருவதால், தோளில் வைத்ததும் துப்பாக்கி தானாகவே இலக்கில் போய் நிற்பதுபோல் இருக்கும். நேர்க்குழல் பெரிய கேலிபரை விட, இடை மெலிந்த 50 கேலிபரைத்தான் நான் எப்போதும் எடுப்பேன்.

புரியின் சுழற்சியையும் கேலிபரோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். உருண்டைக் குண்டுக்கு மெதுவான சுழற்சி போதும்: 48 அங்குலத்துக்கு ஒரு சுற்றிலிருந்து 70 அங்குலத்துக்கு ஒரு சுற்று வரை. 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது நீள்குண்டுக்கு உரியது. அதில் உருண்டையைப் போட்டு மருந்தைக் கூட்டினால் துணி புரியைப் பற்றாமல் வழுக்கிவிடும், குண்டு எங்கே போகும் என்பது அதற்கே தெரியாது. நீங்கள் காகிதத்தில் நிறையச் சுடுபவர், மிதமான மருந்து போடுபவர் என்பதால் 50 கேலிபருக்கு 56 அல்லது 60 அங்குலச் சுழற்சி பொருந்தும் என்பது என் எண்ணம்.

கேட்டவர்

இரண்டு மறுமொழிகளுக்கும் நன்றி. எடைக் கணக்கு எனக்கு முற்றிலும் புதியது. இரவல் வாங்கிய 36 கேலிபர் துப்பாக்கியை நின்றபடி பிடிக்கும்போது பத்துக் குண்டுக்குப் பிறகு இடது கை நடுங்குவதை என் பயிற்சிக் குறைவு என்றே இதுவரை எண்ணியிருந்தேன். இன்று குழலை அளந்து பார்த்தேன், 13/16 நேர்க்குழல்தான்.

இன்னும் ஒரு கேள்வி. பழைய காலத்துப் பென்சில்வேனியாத் துப்பாக்கிகள் எல்லாம் சிறிய கேலிபர் என்றும், ஈயத்தையும் மருந்தையும் சிக்கனமாகச் செலவிட வேண்டியிருந்ததால் அப்படிச் செய்தார்கள் என்றும் பலமுறை கேள்விப்பட்டிருக்கிறேன். பாரம்பரியத்துக்கு உண்மையாக இருக்க வேண்டும் என்றால் 45-ஏ சரி என்று ஆகாதா?

மறுமொழி 3

அந்தச் சிக்கனக் கதையில் உண்மையும் உண்டு, மிகையும் உண்டு. ஜெர்மன் மொழி பேசிய கைவினைஞர்கள் 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பென்சில்வேனியாவில் குடியேறியபோது கொண்டுவந்தது யேகர் எனப்படும் குட்டையான, தடித்த, பெரிய துளையுள்ள வேட்டைத் துப்பாக்கி. லங்காஸ்டர் பகுதியில் அது பல பத்தாண்டுகளில் படிப்படியாக நீண்டது, மெலிந்தது, துளையும் சிறுத்தது. ஒரு பவுண்டு ஈயத்தில் 0.530 குண்டு 31 வரும், 0.490 குண்டு 39, 0.440 குண்டு 54, 0.350 குண்டு 108. தோளில் சுமந்துகொண்டு மலை கடப்பவனுக்கு இந்த வேறுபாடு பெரிதுதான்.

ஆனால் பழைய துப்பாக்கிகளின் துளையை இன்று அளந்து பார்த்து முடிவுக்கு வருவதில் இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன. அக்காலத்தில் யாரும் 45, 50 என்று எண் சொல்லித் துப்பாக்கி கேட்கவில்லை. பவுண்டுக்கு எத்தனை குண்டு என்பதே பேச்சு. ஒவ்வொரு துப்பாக்கியோடும் அதன் துளைக்கென்றே செய்த குண்டு அச்சு ஒன்று சேர்ந்து வரும். இரண்டாவது, மென்மையான இரும்பில் வெட்டிய புரி தேய்ந்தபின் கைவினைஞர் அதை மீண்டும் ஆழமாக வெட்டித் தருவார். ஒவ்வொரு முறையும் துளை சற்றுப் பெரிதாகும். ஆகவே அருங்காட்சியகத்தில் 50 என்று அளக்கப்படும் ஒன்று பிறக்கும்போது 45-ஆக இருந்திருக்கலாம். காலமும் இடமும் பொறுத்துக் கேலிபர் மாறியது என்பதையும் மறக்க வேண்டாம்: அணில் வேட்டைக்கென்ற மிகச் சிறிய துளைகள் பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டில், பெரிய விலங்குகள் அருகிப்போன பகுதிகளில் பெருகியவை. அதே காலத்தில் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதச் சாலை செய்த 1803 மாதிரிப் புரிகுழல் துப்பாக்கி 54 கேலிபர். பாரம்பரியம் உங்களை 45-க்குக் கட்டிப்போடவில்லை. 54-க்கும் போதிய முன்னோர்கள் இருக்கிறார்கள்.

என் துப்பாக்கி 54 என்பதால் அதன் சார்பாக ஒரு சொல். 70 கிரெயின் மருந்தில் 54-இன் உதை கூர்மையாக இடிப்பதில்லை. தோளை மெல்லத் தள்ளுவதுபோல்தான் இருக்கும். எல்க் போன்ற பெரிய விலங்கை நினைத்தால் 54-இலிருந்துதான் நான் தொடங்குவேன். உங்களுக்கு எப்போதும் மான் மட்டுமே என்றால் 54 தேவையில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். கைவினைஞர்கள் தங்களுக்குப் பிடித்ததையே பிறருக்கும் சொல்வார்கள், நானும் அப்படித்தான்.

மறுமொழி 4

இத்தனை பேர் 50, 54 என்று சொன்னபின் 45-க்காகப் பேச ஒருவராவது வேண்டும். பல பருவங்களாக 45 கேலிபரில்தான் மான் வேட்டையாடுகிறேன். 50 கஜத்துக்குள், நெஞ்சில், மான் பக்கவாட்டில் நின்றால் மட்டும் சுடுவது என்ற கட்டுப்பாட்டை மீறாதவரை அது என்னைக் கைவிட்டதில்லை. ஒரு முறை மீறினேன். மான் எனக்கு எதிர்முகமாகச் சாய்ந்து நின்றது. பனியில் ஒரு பிற்பகல் முழுவதும் சொட்டுச் சொட்டாக இரத்தத் தடம் பார்த்து நடந்து, இருட்டும் நேரத்தில்தான் கண்டுபிடித்தேன். 50-ஆக இருந்திருந்தால் வேறு மாதிரி முடிந்திருக்குமா என்று இன்றும் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த எண்ணம் என்னை விட்டுப் போகவில்லை. எனவே 45-க்காகப் பேச வந்தவன் அரை மனத்தோடுதான் பேசுகிறேன்.

முழு மனத்தோடு சொல்லக்கூடியது வேறொன்று. சக்கிமுக்கித் துப்பாக்கியில் மானைத் தவறவிடுபவர்களில் பெரும்பாலோர் கேலிபரால் தவறவிடுவதில்லை. விசையை இழுத்ததும் கல்லைப் பிடித்திருக்கும் குதிரை விழுந்து, கல் எஃகு மூடியை உரசித் தள்ளி, தீப்பொறி தட்டில் இட்ட பற்றுமருந்தான ரஞ்சகத்தில் விழுந்து, அந்தச் சுடர் குழலின் பக்கத்திலுள்ள பற்றுவாய் என்னும் சிறு துளை வழியாக உள்ளே போய் மருந்தைப் பற்றவைக்கும் வரை நீங்கள் இலக்கிலேயே நிற்க வேண்டும். கண்ணெதிரே தீ பளிச்சிடும்போது இமைக்காமல் நிற்பது பழக்கத்தால் மட்டுமே வருவது. பழக்கத்துக்கு நிறையச் சுட வேண்டும், நிறையச் சுட மருந்து வேண்டும். ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெயின்; 70 கிரெயின் போட்டால் 100 முறை, 45 கிரெயின் போட்டால் 155 முறை. அதற்காக 45 வாங்க வேண்டும் என்பதில்லை. காகிதத்துக்கு 50 கேலிபரிலேயே 45, 50 கிரெயின் போதும். வேட்டைக்கு மட்டும் கூட்டிக்கொள்ளலாம். ஆனால் கூட்டியபின் குண்டு படும் இடம் மாறும், அதைப் பருவத்துக்கு முன்பே காகிதத்தில் பார்த்துவிட வேண்டும்.

ரஞ்சகத் தட்டை நிரப்பிவிடாதீர்கள். மருந்து பற்றுவாயை மூடிக்கொண்டால், சுடர் பாய்வதற்குப் பதிலாகத் திரிபோல எரிந்துகொண்டு உள்ளே போகும். அந்தச் சுணக்கம் காதுக்கே கேட்கும். தட்டில் நான்கு எஃப் எனப்படும் மிக நுண்ணிய பொடி, துளைக்குக் கீழே நிற்கும் அளவு, அவ்வளவே. குழலுக்கு அதை விடச் சற்றுப் பருத்த மூன்று எஃப் போதும். கருப்பு வெடிமருந்துக்கு மாற்றாக விற்கும் தூள்கள் பற்றிக்கொள்ள அதிகச் சூடு தேவை. அடித்தால் வெடிக்கும் சிறு உலோக மூடியான கேப் வைத்த துப்பாக்கியில் அவை ஓடும், சக்கிமுக்கியில் ஏமாற்றும். புகையில்லா மருந்தை இதில் எந்நாளும் போடக் கூடாது, குழல் வெடித்துவிடும்.

சிறிய கேலிபரின் இன்னொரு தொல்லையையும் 36-இல் பழகியவரான நீங்கள் அறிந்திருப்பீர்கள். கெட்டிக்கும் கோல் மெலிதாக இருப்பதால், கரி படிந்த குழலில் குண்டைத் தள்ளும்போது வளையும். மரக் கோலானால் முறிந்து உள்ளங்கையில் ஏறும். 45-இலும் 50-இலும் 3/8 அங்குலக் கோல் போடலாம், அந்த அச்சம் குறைவு.

கேட்டவர்

மறுமொழி 4-ஐ எழுதியவருக்குத் தனியாக நன்றி. கோலைப் பற்றிய எச்சரிக்கை சரியான நேரத்தில் வந்தது. நண்பரின் கோலில் ஏற்கெனவே ஒரு கீறல் விழுந்திருக்கிறது.

கைவினைஞரிடம் இன்று பேசினேன். அவர் எண்ணியிருந்தது 15/16 நேர்க்குழல்தான், 54 என்று சொன்னதும் எடைக்காகத்தான். இடை மெலிந்த குழல் என்றால் 50-ஏ போதும் என்று அவரே சொல்லிவிட்டார். கூடுதல் தொகைக்கு ஒப்புக்கொண்டு, 50 கேலிபர், 56 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இனி குண்டு அச்சு வாங்க வேண்டும். 0.490 அச்சையே வாங்கிவிடலாமா?

மறுமொழி 2-ஐ எழுதியவர்

நல்ல முடிவு. அச்சை மட்டும் இப்போது வாங்காதீர்கள். துப்பாக்கி கைக்கு வந்தபின் 0.490 குண்டு ஒரு பெட்டி, 0.495 ஒரு பெட்டி, பருத்தித் துணியில் 0.015 அங்குலத் தடிப்பில் கொஞ்சம், 0.018-இல் கொஞ்சம் என்று வாங்கிக்கொண்டு ஒரு நாள் முழுவதும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பாருங்கள். 50 கிரெயினில் தொடங்கி, குழல் செய்தவர் குறித்துத் தரும் உச்ச அளவைத் தாண்டாமல் ஐந்து ஐந்தாக ஏற்றுங்கள். அளவைக் குப்பியில் அளந்த பிறகே மருந்து குழலுக்குள் போக வேண்டும், மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராக ஒருபோதும் கொட்டக் கூடாது. குண்டு மருந்தின் மேல் இடைவெளியின்றி அமர்ந்திருக்க வேண்டும். அமர்ந்த நிலையில் குழல் வாய்க்கு நேராகக் கோலில் ஒரு கோடு கீறிவைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு ஐந்து குண்டுக்கும் ஒரு முறை, சுடுதளத்தில் மற்றவர்களும் நிறுத்தியிருக்கும்போது, முன்னால் பத்துப் பதினைந்து கஜம் நடந்து போய் விழுந்திருக்கும் துணிகளைப் பொறுக்கி வாருங்கள். நடுவில் குண்டு அமர்ந்த வட்டம் கறுத்து, சுற்றிலும் புரியின் வரிகள் பதிந்து, ஓரம் மட்டும் இழை பிரிந்திருந்தால் அந்தச் சேர்க்கை சரி. நடுவில் எரிந்து ஓட்டை விழுந்திருந்தால் துணி மெலிது, அல்லது எண்ணெய் போதவில்லை. வரிவரியாக வெட்டுப்பட்டிருந்தால் புதுக் குழலின் புரி ஓரங்கள் இன்னும் கூராக இருக்கின்றன என்று பொருள். நூறு இருநூறு குண்டுகளில் அது தானாக மழுங்கும். எந்தக் குண்டும் எந்தத் துணியும் ஒரே இடத்தில் குவிகின்றனவோ, அந்தக் குண்டின் அளவுக்கு அச்சு வாங்குங்கள்.